தெருவில் போனால் பொது, கேட்டால் மட்டும் ரகசியமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் கவுண்டி நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை மறுபடி விளக்கப் போவதில்லை, எல்லாரும் படித்துவிட்டீர்கள். ஸ்டான்வுட், செட்ரோ-வூலி ஆகிய இரண்டு சின்ன ஊர்கள், தங்கள் ஃப்ளாக் கேமராக்கள் (சாலையில் போகும் கார்களையும் நம்பரையும் போலீஸுக்காகப் படம் பிடிப்பவை) எடுத்த படங்களை ஒருவர் கேட்டார் என்பதற்காக கோர்ட்டுக்கே போனார்கள். 2025 நவம்பரில் நீதிபதி 'இவை யார் வேண்டுமானாலும் மனு போட்டுக் கேட்கக்கூடிய பொதுப் பதிவுகள்தான்' என்று சொல்லிவிட்டார். அதற்கு நம் வாட்ஸ்அப் குழுவில் விழுந்த ஒப்பாரி இருக்கிறதே! கேட்டவரைத்தான் உள்ளே தள்ள வேண்டுமாம். அதற்குக் கட்டைவிரல் வேறு தூக்குகிறீர்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என் காரை வாரண்ட் இல்லாமல் படம் பிடிக்க போலீஸ் சொல்லும் காரணம் என்ன? பொதுச் சாலை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதில் அந்தரங்கம் எதுவும் இல்லை. சரி, அப்படியே இருக்கட்டும். அதே படத்தை நான் கேட்டால் மட்டும் 'ஐயையோ, மக்களின் அந்தரங்கம்' என்கிறார்கள். நேற்று வரை இல்லாத அந்தரங்கம் நான் மனு போட்டதும் எங்கிருந்து முளைத்தது?

இத்தனைக்கும் அது நம்பரை மட்டும் படிக்கிற கேமரா இல்லை. காரின் நிறம், மாடல், கூரைக் கம்பி, பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் வைத்துத் தேடலாம். என் கார்க் கண்ணாடியில் இருக்கும் வேல் இப்போது போலீஸ் பார்வையில் ஓர் அங்க அடையாளம். முருகா!

'மனைவியை அடித்துத் துரத்தியவன் அவள் கார் எங்கே நிற்கிறது என்று கேட்டால்?' என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. அடுத்தவர் நம்பரை மறைத்துக் கொடுங்கள், அதற்கு ஒரு சட்டம் போடுங்கள். ஆனால் தம்பி, அந்த அக்கிரமம் ஏற்கெனவே நடந்துவிட்டது. கன்சாஸில் செட்ஜ்விக் என்ற ஊரின் அப்போதைய போலீஸ் தலைவரே தன் முன்னாள் காதலியின் காரை 164 முறை தேடியிருக்கிறார். அவர் மனு எழுதிக் காத்திருக்கவில்லை, உள்ளே உட்கார்ந்து தட்டினார். வெளியே இருப்பவனைப் பற்றித்தான் உங்களுக்குப் பயம், உள்ளே இருப்பவன் மேல் இம்மியும் இல்லை.

'திருட்டுக் கார் பிடிபடுகிறதே!' பிடிபடட்டும், யார் வேண்டாம் என்றது? நியூ ஹாம்ப்ஷயரில் தேடப்படும் பட்டியலில் இல்லாத நம்பரை 3 நிமிடத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே திருடர் ராஜ்ஜியமா நடக்கிறது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் போலீஸிடம் படம்கூடக் கேட்கவில்லை. யார் தேடினார்கள், எதற்குத் தேடினார்கள் என்ற பட்டியலை மட்டும் கேட்டேன். இழுத்தடித்து, 'எதற்காகக் கேட்கிறீர்கள்?' என்று விசாரித்து (அதை நான் சொல்லத் தேவையே இல்லை), கடைசியில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். பெயர் இருந்த இடமெல்லாம் கறுப்புப் பட்டை. காரணம் என்ற கட்டத்தில் 'விசாரணை'. அடுத்த வரியில் 'விசாரணை'. அதற்கடுத்ததில் வெறும் ஒரு புள்ளி. புள்ளி! கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கக்கூட நான் இதைவிட விரிவாகக் காரணம் எழுதுகிறேன்.

இயந்திரம் தவறாது என்பவர்கள் அரோராவை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2020 ஆகஸ்ட், கொலராடோ. வேறொரு மாநிலத்தில் திருடுபோன மோட்டார் சைக்கிளின் நம்பரும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கார் நம்பரும் ஒன்றாக இருந்தன. மாநிலம் எது, வண்டி எது என்று யாரும் பார்க்கவில்லை. துப்பாக்கியை நீட்டி, குழந்தைகளைத் தார் ரோட்டில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அதில் ஒரு குழந்தைக்கு வயது 6. பிறகு நகரம் 19 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்தது, அது வேறு விஷயம்.

'நமக்கேன் வம்பு' என்று குழுவில் எழுதினீர்களே அண்ணா, அதுதான் வலிக்கிறது. குடியேற்றத் துறைக்கு உள்ளூர் போலீஸ் கை கொடுப்பதைக் கட்டுப்படுத்தி வாஷிங்டன் மாநிலம் 2019-லேயே சட்டம் போட்டது. அப்படியிருந்தும் இங்குள்ள குறைந்தது எட்டு போலீஸ் துறைகள் தங்கள் ஃப்ளாக் தகவலை எல்லைக் காவல் படைக்கு நேரடியாகத் திறந்துவிட்டிருந்தன என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் அறிக்கை விட்டார்கள். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இதே பொதுப் பதிவுச் சட்டத்தில் மனு போட்டு வாங்கிய பட்டியல்களிலிருந்துதான். நீங்கள் உள்ளே தள்ளச் சொன்ன ஆள் செய்ததும் இதே வேலையைத்தான்.

விசாவுக்கு வரிசையில் நின்ற நாளெல்லாம் மறந்துபோச்சா? கிரீன் கார்டு கைக்கு வந்ததும் போலீஸுக்கு மச்சான் ஆகிவிட்டோமா? 'ஒளிக்க எதுவும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்?' என்று கமெண்ட் எழுதப் போகிறவர்கள் அதே கேள்வியை நகராட்சியிடம் கேளுங்கள். ஒளிக்க எதுவும் இல்லையென்றால் அவர்கள் ஏன் கோர்ட்டுக்குப் போனார்கள்?

அந்தக் கறுப்புப் பட்டைகளை நீக்கச் சொல்லி மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நகல் வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள்.