குளிருக்குப் பழகிய பிள்ளைகள்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லோருடைய சமூக ஊடகப் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும், தேயிலைக்கு நடுவே ஒரு பிள்ளையை நிறுத்தி எடுத்த அந்த முதலாவது பிறந்தநாள் படங்களின் கீழே நான் எழுதியது ஒரேயொரு வரி. "பிள்ளைக்குக் குளிர்கிறது போலிருக்கிறது, ஒரு ஸ்வெட்டர் போட்டிருக்கலாமே" என்பதுதான் அது. அந்த ஒரு வரிக்காக இரண்டே நாளில் நான் பொறாமைக்காரியாகவும், அடுத்தவர் சந்தோஷத்தில் மண் போடுபவளாகவும் ஆகிவிட்டேன். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் எழுதியிருந்த பதிலை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை: "லயத்துப் பிள்ளைகள் இதைவிடக் குளிரில் வளரவில்லையா?" லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். அந்தப் பதிலுக்கு விருப்பக்குறி இட்டவர்களில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் இருக்கிறார்கள்.

படங்களை இன்னுமொரு முறை பாருங்கள். இது ஜனவரி மாதம். இடம் நுவரெலியாப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் காலம் இது. ஒரு வயதுப் பிள்ளைக்குக் கையில்லாத வலைத்துணிச் சட்டை போட்டு, முதுகில் குட்டிக் கொழுந்துக் கூடையை மாட்டி, தேயிலைக்கு நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். "பிள்ளை சிரிக்கிறதே" என்கிறீர்கள். மூன்றாவது படத்தில் சிரிக்கிறதுதான். ஏழாவது படத்தில் காலைப் பாருங்கள்; பத்து விரல்களையும் உள்ளே மடக்கிக்கொண்டு நிற்கிறது. வலது கை, படத்துக்கு வெளியே நிற்கும் யாருடைய சேலையையோ இறுகப் பற்றியிருக்கிறது.

நான் படம் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைக்காகத்தான் படம் எடுக்கிறோம் என்றால், நேரத்தையும் இடத்தையும் உடுப்பையும் பிள்ளையைப் பார்த்துத் தீர்மானியுங்கள் என்கிறேன். இதில் பொறாமை எங்கே வந்தது என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

என் மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு நானும் படம் எடுத்தவள்தான். அந்த வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் பகலில் இரண்டு தடவை தூங்குவார்கள். என் மகள் ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவாள். படப்பிடிப்பாளரோ காலை ஏழு மணி வெளிச்சம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் மலையில் மெல்லிய மூடுபனி இருந்தால், சூரியனுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியது போல வெளிச்சம் தானாகவே மென்மையாகிவிடும், பதினொரு மணிக்கு எடுத்தாலும் முகத்தில் கடும் நிழல் விழாது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. மகள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டு ஜன்னலோரத்தில் எடுத்தோம். அவர் அரை மணித்தியாலம் முன்னதாகவே வந்து, தேநீர் குடித்து, கமெராவின் மூடியைக் கழற்றி அவளிடம் விளையாடக் கொடுத்தார். அந்நிய முகத்தைக் கண்டாலே வீரிட்டு அழும் வயது. அந்த மூடி இல்லாவிட்டால் ஒரு படமும் கிடைத்திருக்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்: ஒரு வயது முடிந்ததும் யப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுவார்கள், அதனால் கிளினிக் அட்டையைப் பார்க்காமல் படப்பிடிப்புக்கு முற்பணம் கட்டாதீர்கள். ஊசி போட்ட மறுநாள் சிணுங்கும் பிள்ளையின் தலையில் கிரீடம் வைத்து யாருக்கு என்ன லாபம்?

நானும் ஒன்றும் உத்தமி இல்லை. மாமியார் கேட்டார் என்பதற்காக இரண்டாவது சட்டையை மாற்றப் போய், அவள் அழுத அழுகை இன்றும் காதில் கேட்கிறது. அந்தச் சட்டையோடு எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டுச் சுவரில் இல்லை.

"அவர்கள் பிள்ளை, அவர்கள் காசு, உனக்கென்ன?" என்கிறீர்கள். காசைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எனக்குச் சொல்லப்பட்ட கட்டணம் 35,000 ரூபாய். 2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்ட தோட்டத்து நாட்சம்பளத்தில் அது ஏறக்குறைய 26 பேர் (ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு பேர் என்போம்), அதாவது ஒரு மாதம் முழுக்க மலையேறிய உழைப்பு. அப்படியிருந்தும், லயத்துக் காம்பராவில் இருக்கும் ஒரு தாய் சீட்டுக் காசு எடுத்துத் தன் பிள்ளைக்குப் படம் எடுத்தால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். செலவு செய்வது அவரவர் உரிமை. நடுங்குகிற பிள்ளையைப் பார்த்து நடுங்குகிறது என்று சொல்வதற்கு மட்டும் யாரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்?

"எங்கள் உழைப்பாளர்களை மதிக்கத்தானே கூடையை மாட்டினோம்" என்று பெற்றோர் தரப்பில் ஒரு விளக்கம் வந்திருக்கிறது. மிக்க நன்றி. இப்போது பல மலைகளில் பைகளில்தான் கொழுந்து எடுக்கிறார்கள். பிரம்புக் கூடையைப் பார்க்க ஆசைப்பட்டால் ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும் போலிருக்கிறது. ஒரு நாள் பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்து சில தோட்டங்களில் 18 கிலோ, சில தோட்டங்களில் 20 கிலோ. எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை என்று எழுதிவிடுவார்கள். மதிப்பவர்களுக்கு அந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? மருந்து அடித்த மலையா, அட்டை ஏறுகிற இடமா, பக்கத்து மரத்தில் குளவிக் கூடு இருக்கிறதா என்று அங்கே நின்ற பெண்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டவர்களின் செய்தி அடிக்கடி வருகிற ஊர் இது. அந்தப் பெண்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லித்தான் படம் எடுத்தார்கள் என்று, அங்கே நின்ற ஒருவரே என்னிடம் சொன்னார்.

சரி, லயத்துப் பிள்ளைகளுக்கு வருகிறேன். நான் லயத்தில் பிறந்தவள், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தவள். விடியற்காலையில் எங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு போன தாய்மார், காதை மூடி, நெஞ்சை மூடி, தலையில் துவாயைச் சுற்றித்தான் கொண்டு போனார்கள். மூடாமல் கொண்டு வந்தவளை ஆயாவே வாசலில் நிறுத்தி ஏசுவார். சளி நெஞ்சில் கட்டி, லொறியில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகள் எங்கள் லயத்திலும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பி வரவில்லை. குளிர் எங்களுக்குப் பழக்கம் என்று நூறு பேர் கைதட்டுகிற இடத்தில் நான் சும்மா இருக்க வேண்டுமா? "ஒரு பகிடியை இவ்வளவு பெரிதாக்குகிறாயே" என்று என் சொந்த ஒன்றுவிட்ட அண்ணனே அழைத்துக் கேட்டார். அவர் மகனுக்கு இழைப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. பனி இறங்கினால் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்.

எனக்கு ஒரு வயதில் எடுத்த படம் கிடையாது. இரண்டரை வயதில் எடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது. அம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு, என்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு டவுனுக்கு நடந்து போய் எடுத்த படம். பின்னால் நீர்வீழ்ச்சி வரைந்த சீலை. முன்னால் மர நாற்காலியில் நான், வாயைத் திறந்தபடி. எல்லாம் தயாராகி, ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட பிறகுதான் அம்மா கம்பளியை உருவினாராம். அதையும் முழுதாக எடுக்கவில்லை. நாற்காலியின் இடப்பக்கம் அந்தக் கம்பளியும், அதைப் பிடித்திருக்கும் அம்மாவின் நான்கு விரல்களும் தெளிவாகத் தெரிகின்றன.

"கம்பளி படத்தில் விழுகிறதே, அம்மா" என்றாராம் ஸ்டூடியோக்காரர்.

"விழட்டும், நீங்க எடுங்க" என்றாராம் அம்மா.