ரீச்சர் சும்மாதானே இருக்கிறா

எங்கள் ஊரான திருகோணமலையில் பென்சன் எடுத்த ஒருவரைக் கண்டால் சனத்துக்கு உடனே ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது. கரண்ட் பில் கட்டப் போனால் எங்கடதையும் சேர்த்துக் கட்டிவிடுங்களேன். காஸ் லொறி வந்தால் ஒரு சிலிண்டர் வாங்கி வையுங்களேன். மருமகளுக்கு இன்டர்வியூ, பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்களேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால், “ரீச்சர் இப்ப வீட்டில சும்மாதானே இருக்கிறா” என்றும் சேர்த்துச் சொல்வார்கள். எனக்குப் பொல்லாத கோபம் வருவது அங்கேதான்.

பள்ளிக்கூடம் போன காலத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. “ரீச்சருக்கு எப்ப நேரம் இருக்கும்?” என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார்கள். அறுபதாவது பிறந்தநாளோடு அந்தக் கேள்வி நின்றுபோனது. அறுபதைத் தாண்டியவளுக்கு மிச்சம் இருக்கிற நேரம் குறைவு. குறைவாக இருக்கிற பொருளுக்குத்தான் விலை கூட என்பது வர்த்தகம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எங்கள் விஷயத்தில் மட்டும் கணக்கு தலைகீழாகி, நேரம் இலவசமாகிவிட்டது.

கிளினிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லத் தேவையில்லை, பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து எடுக்கிற எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். எல்லாருடைய கொப்பியிலும் ஒரே நேரம்தான் எழுதியிருக்கும், காலை ஏழு மணி. அதனால் எல்லாரும் ஆறு மணிக்கே வந்து வரிசையில் கொப்பியை வைத்துவிடுவோம். சீனி பார்க்க வெறுவயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் முதல்நாள் இரவு சாப்பிட்டதுதான். இரத்தம் கொடுத்து முடிய ஒன்பது மணி ஆகும். அதற்குப் பிறகு பையில் கொண்டுபோன பணிஸைப் பிரித்து, பக்கத்துக் கதிரைக்காரருக்கும் பாதி கொடுத்து, டொக்டரைப் பார்க்கப் பதினொன்று. மருந்து வாங்கி வெளியே வர வெயில் உச்சிக்கு வந்துவிடும். போன தடவை ஒரு ஐயாவுக்கு வியர்த்து, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. சீனி இறங்கிவிட்டது என்று நேர்ஸ் பிள்ளை ஓடி வந்து, தன்னுடைய இனிப்புத் தேத்தண்ணியையே அவருக்குக் குடிக்கக் கொடுத்தா.

அந்தப் பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. 2022க்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் வெளிநாடு போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார்கள். இலவச வைத்தியம் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் மருந்தையே நிறுத்தியிருப்போம். நான் கேட்பது கட்டடமோ மெஷினோ இல்லை. முதல் முப்பது பேருக்கு ஏழு மணி, அடுத்த முப்பது பேருக்கு ஒன்பது மணி என்று கொப்பியில் எழுதுவதற்கு என்ன செலவு? ஒரு பேனை போதும். முப்பது வருஷத்துக்கு மேல் நேரசூசி போட்டவள் சொல்கிறேன், ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. செய்யாததற்குக் காரணம், காத்திருப்பவர்கள் கிழடுகள், அவர்களுக்கு வேறு என்ன வேலை என்ற எண்ணம்தான்.

கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு உம்மா எனக்குக் கிளினிக் சிநேகிதி. பாலம் வருவதற்கு முன்பு ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரையிலிருந்து வருவாவாம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பஸ் நேரே கொண்டுவந்து விடுகிறது. “பாதைக்கு நின்ட காலத்திலயும் நான் இவ்வளவு காத்திருக்கல்ல ரீச்சர்” என்று சிரிக்கிறா.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் பிரஷர் ஏறும். முதியோரின் வைப்புக்கு இருந்த 15 சதவீத விசேட வட்டியை 2022 இல் நிறுத்தினார்கள். அதே வருஷம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் இன்னொரு கூத்து. இவரும் ஆசிரியர்தான், ஒரே தரம், ஏறக்குறைய ஒரே சேவைக்காலம். இவர் 2018 இல் ஓய்வு பெற்றார், நான் 2021 இல். சம்பளத் திருத்தம் 2020 இல்தான் முழுமையாகச் சேர்ந்தது என்பதால் அவருடைய பென்சன் என்னுடையதைவிடக் குறைவு. மாதம் 10ஆம் திகதியை ஒட்டி வங்கிக்குப் போய் வரும்போது, “மெடம், கடனாக ஒரு ஐயாயிரம் கிடைக்குமா?” என்று பகிடி விடுவார். 2025 வரவு செலவுத் திட்டத்தில் இதை மூன்று கட்டமாகச் சரிசெய்வதாகச் சொன்னார்கள், கடைசிக் கட்டம் 2027 இல். எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் கட்டம் கட்டமாகத் தருகிறோம் என்று சொல்பவர்கள், அவரிடம் நேரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று நினைக்கிறார்கள் போலும்.

சரி, புலம்பல் போதும். சந்தோஷமே இல்லாத சீவியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

விடியற்காலையில் கோட்டைக்குள் நடக்கப் போவோம், நாங்கள் நாலைந்து பேர், எல்லாரும் பழைய ரீச்சர்மார். வாசலில் இரட்டைக் கயலும், ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்குகிற கல்வெட்டும் இருக்கின்றன. எத்தனையோ வருஷம் வகுப்பில் அதை மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறேன். நின்று அந்தத் தேய்ந்த கல்லைப் பார்க்க இப்போதுதான் அவகாசம். கோணேசர் கோயில் வரைக்கும் ஏற்றம் ஏறுவது முழங்காலைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை மட்டும் முழங்காலைக் கேட்பதில்லை.

கோட்டை மான்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுற்றுலா வந்த பஸ்காரர் சாப்பிட்டு எறிந்த லஞ்ச் சீற்றை, சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளை, ஒரு பெண்மான் மென்றுகொண்டு நின்றது. சோற்றின் மணம் ஒட்டியிருக்கும்தானே. பாதி வாய்க்குள், பாதி வெளியே தொங்குகிறது. எங்களில் ஒருத்தி வாழைப்பழத் தோலைக் காட்டிக் காட்டிக் கிட்டப் போக, மான் தோலுக்கு வாயைத் திறந்தது. இவள் மற்றக் கையால் லஞ்ச் சீற்றை மெதுவாக இழுத்து எடுத்தாள். சளி மாதிரி எச்சிலோடு முழுசாக வந்தது. மான் ஒன்றுமே நடக்காதது போலத் தோலைத் தின்றுவிட்டுப் போனது. பொலித்தீன் வயிற்றில் அடைத்துச் சாகிற மான்கள் இந்த ஊரில் எத்தனையோ. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தயவுசெய்து குப்பையைப் பஸ்ஸிலேயே திருப்பிக் கொண்டுபோங்கள்.

திரும்பி வரும்போது மீன்காரத் தம்பியின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்கும். பெட்டிக்குள் சூடை மீனோ கீரி மீனோ இருந்தால் எனக்குப் போதும். உல்லாசப் பயணிகள் வருகிற மாதங்களில் நல்ல பாரையும் அறக்குளாவும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்குப் போய்விடும், நாங்கள் வாலைத்தான் பார்க்கலாம். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து, கண் தெளிவா என்று பார்த்து, விலையில் இருபது ரூபாய் குறைத்து வாங்கி, பின்வாசல் படியில் சுளகைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். சூடை சின்ன மீன், செதில் எடுக்கப் பொறுமை வேண்டும். முந்தி முதல் மணி அடிப்பதற்குள் ஓட வேண்டும் என்று மீனே வாங்க மாட்டேன், கிழமை நாளில் பருப்பும் சம்பலும்தான். இப்போது ஒவ்வொன்றாகத் துப்புரவாக்கி, பூனைக்குத் தலையை எறிந்து, கொறுக்காய்ப் புளி போட்டுத் தீயல் வைக்கிறேன். பின்னேரம் ஏழு மணிக்குக் கனடாவில் விடிந்திருக்கும். வீடியோவில் பேரன் வந்து மானைக் காட்டச் சொல்வான். அன்று எடுத்த படத்தைக் காட்டினால், “ஏன் அம்மம்மா அசையுதில்லை?” என்பான்.

வேலை செய்யமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அஸ்வெசும என்கிற அரச உதவிக் கொடுப்பனவு வந்த 2023 இலிருந்து எங்கள் ஒழுங்கையில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான். அதோடு சில கந்தோர்களிலிருந்து கடிதம் தனிச் சிங்களத்தில் வருகிறது. 1987 இலிருந்து தமிழும் அரச கரும மொழி, ஆனால் தபால்காரர் கொண்டுவருகிற கடிதத்துக்கு அது தெரியவில்லை. வாசித்துச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு பிள்ளையின் தாய்க்கு மேன்முறையீடு எழுதிக் கொடுத்து, காசு கிடைத்தது என்று அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்த நாளில் எனக்கு ஏதோ பெரிய பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் படலையைத் தட்டுவதும், “இப்பவே வேணும் ரீச்சர், கந்தோர் பூட்டப்போறான்” என்பதும் இனிச் சரிவராது.

அதனால் இவரோடு கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். படிவம், கடிதம் எல்லாம் இனிச் செவ்வாயும் சனியும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. அடையாள அட்டைப் பிரதியும் பேனையும் கொண்டுவாருங்கள், என்னிடம் இருந்த பேனைகள் எல்லாம் வந்தவர்களோடு போய்விட்டன. பிள்ளை பார்ப்பதற்கு முதல்நாளே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஒன்றுக்கும் வரவேண்டாம். காஸ் லொறி வந்தால் அவரவர் சிலிண்டரை அவரவரே தூக்குங்கள், எனக்கு முழங்கால் வருத்தம்.