அம்மாயி கல்யாணத்தையும் செல்லாது என்றுதான் சொன்னார்கள்

போன ஞாயிறு செவ்வாய்ப்பேட்டையில் சொந்தத்தில் ஒரு விசேஷம். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது பெரிய மாமா சொன்னார்: "ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே திருத்தம் போட்டுடணும். அப்புறம் எந்தக் கோர்ட்டும் கை வைக்க முடியாது." நாலு பேர் தலையாட்டினார்கள். நான் பேசாமல் வந்துவிட்டேன். அது தப்பு, மாமா. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அம்மாயி கல்யாணம், அதாவது உங்கள் அப்பா அம்மா கல்யாணம், 1961இல் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். திராவிடர் கழகம் 1944இல் பிறந்த ஊர் இது, சுயமரியாதைத் திருமணம் சேலத்துக்குப் புதிதில்லை. ஆனால் சட்டம் ஏற்கவில்லை. "கல்யாணமே செல்லாது, பிள்ளைகளுக்கு ஏது பங்கு?" என்று தாத்தாவின் அண்ணன் வாசலில் நின்று கத்தியதை அம்மாயி கடைசிவரை மறக்கவில்லை. 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டம், அதற்கு முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. அன்றைக்கே அரசியல் சட்டத்தில் பூட்டுப் போட்டிருந்தால் அம்மாயி எங்கே போயிருப்பார்?

ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் பதினோரு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஒருவருக்கு அவசர ஆபரேஷன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, இன்னொருவர்தான் சேலத்துக்குக் கூட்டி வந்தார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கு ரத்த சொந்தம் வேண்டும் என்றுவிட்டார்கள். வருடக்கணக்கில் பேசாத அண்ணன் தர்மபுரியிலிருந்து வரும்வரை, கூட்டி வந்தவர் வராந்தாவில் ஃபிளாஸ்க்கையும் துணிப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பையின் வாரை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டே இருந்த கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இவர்களுக்கு இன்றைக்கும் கல்யாண உரிமை கிடையாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. அப்படியிருக்க, திருத்தம் எதைத் தடுக்கப் போகிறது? சாதாரணச் சட்டத்தை நாளைக்கு வரும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றிக்கொள்ளும். அரசியல் சட்டத்தில் எழுதினால் மூன்றில் இரண்டு பங்கு தேவை. நம் பேரப்பிள்ளைகள் மனது மாறினாலும் அவர்கள் கையை இன்றைக்கே கட்டிப்போடும் வேலை இது.

அமெரிக்காவிலும் முயன்றார்கள். 2004, 2006 இரண்டு முறையும் செனட்டைத் தாண்டவில்லை. பல மாநிலங்கள் தங்கள் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டன. மினசோட்டா மாநிலத்தில் 2012இல் மக்கள் ஓட்டுப் போட்டு அந்தத் திருத்தம் வேண்டாம் என்றார்கள். மறு வருடமே அங்கே ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டப்படி ஆனது.

அரசியல் சட்டம் உரிமை கொடுப்பதற்கு, மாமா. பிடுங்குவதற்கு இல்லை.

அம்மாயி கல்யாணப் போட்டோ உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன், அதற்குக் கீழே உட்கார்ந்தே பேசலாம்.