பட்டு மண்டபத்தில் மீன் விற்கவில்லை

ஸ்பெயினின் வாலென்சியா நகரில் இருக்கும் லோன்ஹா மண்டபம் பழைய மீன் சந்தை, கடல் உணவு போட்ட பயேயா என்ற அரிசிச் சாப்பாடு அங்கேதான் பிறந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

1482 முதல் 1533 வரை கட்டப்பட்ட லோன்ஹா, வணிகர்கள் பேரம் பேசி ஒப்பந்தம் போட்ட இடம். முழுப் பெயர் 'லோன்ஹா தெ லா செதா', அதாவது பட்டு மண்டபம்; பெயரிலேயே பட்டு இருக்கிறது. முறுக்கிய கயிறு போன்ற தூண்கள் நிற்கும் கூடத்தில் மீன்கூடையை இறக்க யார் விட்டிருப்பார்கள்? காய்கறி, மீன் எல்லாம் எதிரே இருக்கும் மத்தியச் சந்தையில். அதுவோ 1928இல் திறந்தது. இரண்டும் நேருக்கு நேர் நிற்பதால் வந்த குழப்பம் போல.

பயேயா, நகருக்குத் தெற்கே அல்புஃபெரா ஏரியைச் சுற்றிய நெல்வயல்களின் சாப்பாடு. கோழி, முயல், பச்சை பீன்ஸ், கர்ரோஃபோ என்ற பெரிய வெள்ளை அவரை, குங்குமப்பூ. சில வீடுகளில் நத்தையும் உண்டு. இறால் போட்டதும் இருக்கிறது, ருசியாகவும் இருக்கும். ஆனால் ஊர்க்காரர்கள் 'வாலென்சியா பயேயா' என்பது அதை அல்ல.

அப்புறம், அந்த ஊரின் ஓர்ச்சாட்டா என்ற பானத்தைப் பாதாம் பால் என்று நினைப்பவர்களுக்கு: அது பாதாம் பால் இல்லை. சூஃபா என்ற கோரை இனக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிவது.