புள்ளிவிவரம் போட்டால் போதுமா?
பாகுபாடு பற்றி எழுதும் மாணவர்களுக்கு யோசனை சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; 'ஒரு புள்ளிவிவரத்தைச் சேர்த்தாலே வாதம் வலுவாகிவிடும்' என்று அதில் சொல்லியிருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. நான் வகுப்பில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 மேற்படிப்புச் சேர்க்கைக் கணக்கைப் பலகையில் எழுதிப்போடுவேன்: விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம், பெண்களில் 35 சதவீதம். பார்த்த மாத்திரத்தில் அத்தனை பேரும் 'பாகுபாடு' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் துறைவாரியாகப் பிரித்த அட்டவணையைக் கொடுத்தால் கதையே மாறும். பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு தெரியாது, சிலவற்றில் அவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதல், இடம் கிடைப்பதே கஷ்டமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். ஒரு நிமிடம் வகுப்பில் சத்தமே இருக்காது. போன வருடம் ஒரு மாணவி தன் முதல் வரியை அடித்துவிட்டு 'அந்தத் துறைகளில் மட்டும் ஏன் இவ்வளவு போட்டி, பெண்கள் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்?' என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தாள், அவள் கட்டுரை உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது (மதிப்பெண்ணை அந்தக் கிறுக்கலுக்குத்தான் போட்டேன்). அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'பாகுபாட்டை நிரூபிக்கவே முடியாது' என்கிறார், அதுவும் சரியில்லை. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. கறுப்பினத்தவர் பெயர் இருந்தவற்றைவிட வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்கு நேர்காணல் அழைப்பு சுமார் 50 சதவீதம் அதிகம். பெயரைத் தவிர வேறு எதைக் காரணம் சொல்வீர்கள்?