வாண்டாவிஷனில் அந்த வசனத்தைச் சொன்னது வாண்டா இல்லை

மார்வெல் சூப்பர்ஹீரோ டிவி தொடரான வாண்டாவிஷனைப் பற்றி ஒருவர், காதலன் விஷனை (மனித உருவில் இருக்கும் இயந்திரம்) இழந்த, மந்திரசக்தி கொண்ட வாண்டா தன் துயரத்தை நியாயப்படுத்தத்தான் "துயரம் என்பது விடாமல் தொடரும் அன்பு" என்று சொல்கிறாள், அதனால் துக்கத்தை யாருக்காகவும் விடவேண்டியதில்லை என்பதே தொடரின் பாடம் என்று எழுதியிருக்கிறார். இல்லைங்க, அதைச் சொல்வது விஷன். 2021-ல் வந்த வாண்டாவிஷனின் எட்டாவது எபிசோடில், பழைய நினைவாக வரும் காட்சி அது. அப்போது விஷன் உயிரோடுதான் இருக்கிறான், வாண்டா இழந்திருப்பது அவனை இல்லை, கூடப் பிறந்த இரட்டைச் சகோதரன் பியட்ரோவை. கட்டிலில் உட்கார்ந்து டிவியில் ஏதோ காமெடி பார்த்துக்கொண்டிருக்கும்போது, துக்கம் அலை மாதிரி திரும்பத் திரும்ப வந்து அடிக்கிறது, எழவே விடமாட்டேன் என்கிறது என்று அவள் சொல்ல, இழப்பதற்கென்று யாருமே இல்லாதிருந்த விஷன் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் அந்தப் பதிலைச் சொல்கிறான்.

சரி, பாடம் என்று எடுத்தால் ஒன்பதாவது எபிசோடையும் பார்க்க வேண்டாமா? விஷனை இழந்த துக்கத்தில் வாண்டா ஒரு ஊரையே மந்திரத்தால் கட்டிப்போட்டு, தன் கற்பனை வாழ்க்கையில் அங்கிருப்பவர்களை நடிக்க வைத்திருக்கிறாள். அந்த ஊர்க்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, உன் துக்கத்தை நாங்கள் சுமக்கிறோம் என்று கதறுகிறார்கள். டாட்டி என்ற பாத்திரமாக நடிக்க வைக்கப்பட்ட பெண், எட்டு வயது மகளை அறையிலிருந்து வெளியே விடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். கடைசியில் மந்திரத்தைக் கலைத்துவிட்டு வாண்டா நடந்து போகும்போது அத்தனை பேரும் முறைக்கிறார்கள். அந்த மந்திரத்தில் தானும் சிக்கியிருந்த அதிகாரி மோனிகா மட்டும் ஏன் அவ்வளவு சுலபமாக மன்னித்தாள் என்பதுதான் எனக்கு ஒட்டவே இல்லை, அது வேறு கதை.