மக்கியோக்கா வீட்டில் வரன் பார்க்கிறார்கள்

ஜப்பானிய நாவல் என்று சொன்னாலே நம் ஆட்கள் பலர் அமைதி, தனிமை, பூனை, உதிரும் செர்ரிப்பூ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் கையில் ஜூனிச்சிரோ தனிசாக்கியின் 'மக்கியோக்கா சகோதரிகள்' நாவலைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். செர்ரிப்பூ அதிலும் உண்டு. வசந்தம் வந்தால் கியோட்டோவுக்குக் கிளம்பிப் போய்ப் பூப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மற்றபடி அந்தத் தடிப் புத்தகம் முழுக்க ஓடுவது ஒரே கவலைதான்: மூன்றாவது பெண் யுகிகோவுக்கு முப்பது வயதாகிவிட்டது, இன்னும் வரன் அமையவில்லை.

எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர் 1957இல் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஒசாக்காவில் வாழ்ந்து கெட்ட ஒரு வணிகக் குடும்பம். சொத்து கரைந்துவிட்டது, பெருமை கரையவில்லை. 1936இலிருந்து 1941 வரை நடக்கிற கதை. போட்டோ வருகிறது, ஆள் வைத்து விசாரிக்கிறார்கள், ஒரு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனநோய் என்று தெரிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. யுகிகோவின் கண்ணுக்கு மேல் வந்து வந்து மறைகிற ஒரு மங்கு, பெண் பார்க்கிற நாளில் பளிச்சென்று தெரிந்து தொலைக்கிறது. போதாக்குறைக்கு அவள் ஆட்டு வருஷத்தில் பிறந்தவள், அது பெண்ணுக்கு ஆகாதாம். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு அடிக்குறிப்பே தேவையில்லை.

அதனால்தான் இந்த நாவலைப் படித்த தமிழர்கள் எல்லாரும் 'அப்படியே நம்ம வீடு' என்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஒற்றுமை இருக்கிறது, ஆனால் நாம் காட்டுகிற இடத்தில் இல்லை.

மக்கியோக்கா வீட்டில் ஆண் வாரிசு கிடையாது. மூத்தவள் சுருக்கோவின் கணவர், இரண்டாமவள் சச்சிகோவின் கணவர், இருவருமே பெண் வீட்டுக் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டவர்கள். மூத்த மாப்பிள்ளைதான் குடும்பத் தலைவர். மைத்துனிகளின் கல்யாண விஷயத்தில் அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் அந்த ஆளைப் பந்தியில்கூட நக்கலடிப்பார்கள். அங்கே அது வீட்டுப் பெயரையும் பொறுப்பையும் ஒப்படைக்கிற முறையான ஏற்பாடு. இதை மனதில் வாங்காமல் படித்தால் அந்த வீட்டில் யார் யாருக்கு ஏன் பயப்படுகிறார்கள் என்பதே பிடிபடாது.

அப்புறம் யுகிகோ. வாயில்லாப் பூச்சி, பாவம் என்று பரிதாபப்படுகிறார்கள். எனக்கென்னவோ அந்த வீட்டிலேயே அழுத்தக்காரி அவள்தான் என்று தோன்றுகிறது. ஹாஷிதெரா என்று ஒரு நல்ல வரன், மனைவியை இழந்தவர். கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்கத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். யுகிகோ போனருகே வரவே தயங்குகிறாள். வந்த பிறகு மென்று விழுங்கி ஏதோ சொல்லித் தட்டிக் கழிக்கிறாள். மனிதருக்குக் கோபம் வந்து சம்பந்தமே வேண்டாம் என்றுவிடுகிறார். கூச்சமா, வேண்டுமென்றே செய்ததா என்பதைத் தனிசாக்கி கடைசி வரை உடைத்துச் சொல்வதில்லை. வரன் வரனாகத் தட்டிப்போவதைப் பார்த்தால் எனக்குக் கூச்சம் மட்டும் என்று நம்ப முடியவில்லை.

இடையில் ஒன்று, கதைக்கு வெளியே. இந்த வீட்டில் ஆளாளுக்கு வைட்டமின் பி ஊசி போட்டுக்கொள்கிறார்கள், முதல் அத்தியாயத்திலேயே. தீட்டிய வெள்ளை அரிசியையே உண்பதால் வரும் பெரிபெரி என்ற வைட்டமின் பி குறைபாட்டு நோய் பற்றிய பயம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் அதே நோய் வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டியது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாகத் தொடவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசியைக் கேவலமாகப் பார்க்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

சரி, ஒற்றுமை எங்கே என்று சொன்னேனே. கடைக்குட்டி தாயெக்கோ பொம்மை செய்து சம்பாதிப்பவள், யாருக்கும் அடங்காதவள். அவளுக்கு இட்டாகுரா என்ற புகைப்படக்காரனைப் பிடிக்கிறது. முன்பு ஒரு கடையில் எடுபிடியாக இருந்தவன், ஏழை விவசாயி மகன். 1938 ஜூலையில் கோபே பக்கம் நிஜமாகவே வந்த பெருவெள்ளத்தில் உயிரைப் பணயம் வைத்து அவளைக் காப்பாற்றுகிறான். வீடே அவனைக் கொண்டாடுகிறது. ஆனால் இவன் மாப்பிள்ளையா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பிறகு காதில் செய்த அறுவை சிகிச்சை கெட்டுப்போய் அவன் சாகக் கிடக்கிறான். அப்போது சச்சிகோ, தங்கைகளுக்காக உருகுகிற அந்த நல்ல சச்சிகோ, தன் மனசுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு வெட்கப்படுகிறாள்.

போட்டோவும் ராசியும் விடுங்கள், நம் வீடு இதுதான். அந்த நிம்மதியை நம் சொந்தபந்தத்தில் எத்தனை நல்லவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறோம்! இங்கே சாதி என்ற ஒன்றும் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். தனிசாக்கி அவளைத் திட்டுவதும் இல்லை, காப்பாற்றுவதும் இல்லை. சில வரிகளில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

1943இல் இது தொடராக வரத் தொடங்கியதும் போர்க்காலத்துக்கு ஒவ்வாத கதை என்று ராணுவத் தரப்பு நிறுத்தியது. முழு நாவல் வெளியாகி முடிய 1948 ஆகிவிட்டது. தேசம் போரில் இருக்கும்போது புடவை, பூ, சம்பந்தம் என்று இத்தனை பக்கமா என்று எரிச்சல் வந்திருக்கும். எனக்கே பட்டு கிமோனோ வர்ணனைகளில் சில இடங்களில் கொட்டாவி வந்தது.

முடிவைச் சொன்னால் ரசனை கெட்டுவிடும் வகைப் புத்தகம் இல்லை, அதனால் சொல்கிறேன். யுகிகோவுக்கு ஒருவழியாகக் கல்யாணம் நிச்சயமாகிறது. அதற்காக டோக்கியோவுக்கு ரயிலேறுகிறாள். சில நாளாக வயிற்றுப்போக்கு, ரயிலிலும் நிற்கவில்லை. அத்தோடு நாவல் முடிந்துவிடுகிறது. என்னிடம் இரவல் வாங்கிப் படித்த நண்பர் மறுநாளே கூப்பிட்டு, "கடைசிப் பக்கம் எதுவும் கிழிஞ்சிருக்காய்யா?" என்று கேட்டார்.